டவர் இல்லாத நாளில் வடிவு சாப்பிட்டாள்

செம்பாறைக்குளத்து மினிபஸ் கண்டக்டர் பலவேசத்தின் மகள் சுடலைவடிவுக்கு எங்கள் ஊர் செய்த அநியாயம் இதுதான்: அவளுடைய ஒரு சிரிப்பை அவள் வாயிலிருந்து பிடுங்கி ஆளுக்கொரு கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த அழுகையைக் குப்பையில் போட்டார்கள். செண்பகத்துக்கு வாய் நீளம், காலேஜ் போனதிலிருந்து வக்கீலம்மா ஆகிவிட்டாள் என்று என்னை ஏசுகிற ஊர் இது. ஏசட்டும். நீள வாய்க்காரி சொல்லாவிட்டால் இதை வேறு எந்த வாய் சொல்லப்போகிறது?

பலவேசம் மாமா செத்தது ஐப்பசி மாதத்து மழை மத்தியானம். பஸ்ஸை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடந்தவர் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, கொட்டுக்காரர்கள் வந்து, பிணத்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீருக்காக நீர்மாலை எடுக்க ஆண்கள் குளத்துக்குப் போனபோது, வடிவின் தாய்மாமன் சவுதியில் லீவு கிடைக்காமல் அழுதுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் இப்போது அதற்கென்று ஒரு சடங்கு உண்டு. நீர்மாலைக்கு ஆள் குறைந்தாலும் குறையலாம், வெளிநாட்டில் இருக்கிற சொந்தத்துக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அந்தப் படம் சவுதி மாமாவுக்கு மட்டும் போவதில்லை, குடும்ப குரூப்புக்கும் போகும், குடும்ப குரூப் என்றால் எங்கள் ஊரில் பாதி ஊர்.

பலவேசம் மாமாவைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, தாடை தொங்கிவிடாமல் இருக்க வெள்ளைத்துணியால் தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்து வாய்க்கட்டு கட்டினார்கள். முந்தின நாளிலிருந்து அழுது அழுது தொண்டை கிழிந்துபோயிருந்த வடிவு நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடவாய்ப்பல் வலி வந்தபோது மாமா இதே மாதிரி ஒரு துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார். பேச முடியாது. ஊர்ப்பெயரையெல்லாம் நடித்துக் காட்டியே டிக்கெட் கொடுத்தார். கோயில் விலக்குக்குக் கும்பிடு, ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்குக் கையில் ஊசி, சந்தைக்கு ஆடு மாதிரி ஒரு தலையாட்டல். பஸ் முழுக்கச் சிரித்துச் சிரித்து, டிரைவர் அண்ணன் சிரிப்பு தாங்காமல் வண்டியை ஓரங்கட்டினார். அந்த பஸ்ஸில் நானும் வடிவும் முன்சீட்டில் இருந்தோம். ஆகவே அன்றைக்கு அந்தக் கட்டைப் பார்த்ததும் அவள், "எப்பா, பல்லு வலிக்காப்பா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள், சிரித்த வாய் மூடுவதற்குள் அவர் நெஞ்சில் விழுந்து கதறினாள். கேள்வியையும் கதறலையும் யாரோ வெட்டி எறிந்தார்கள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்துச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிணத்தைத் தூக்குமுன்பே அது ஊர் தாண்டிவிட்டது. அப்பன் பொணத்தப் பாத்துச் சிரிக்கிற மகள் என்று தலைப்பு. கீழே அறியாத ஊர்களிலிருந்து அறியாத ஆட்கள் அவளுக்குக் கல்யாணம் ஆகாது என்றும், ஆனால் எவனோடோ ஓடிப்போவாள் என்றும் ஒரே மூச்சில் சாபம் போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள், சாம்பல் கரைத்துவிட்டு வந்தவர்களுக்கு இட்லி பரிமாறிக்கொண்டிருந்த வடிவு கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். அதே சிரிப்பு, அதே நீளம், முடிகிற இடத்தில் அதே சின்ன விக்கல். வாயைப் பொத்திக்கொண்டு மிரண்டுபோய் நின்றாள், பொத்திய கைக்குள்ளேயே மறுபடியும் சிரித்தாள். பந்தலின் கடைசி வரிசையில் இருந்த ஒருவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான், சிரிப்பு நின்றது. எடுத்தான், வந்தது. எங்கேயாவது யாராவது அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால் வடிவு சிரித்தாக வேண்டும் என்று அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதைக் கேட்டு ஊர் திடுக்கிட்டதா என்றால், இல்லை. "புரை ஏறுனா யாரோ நினைக்காங்கன்னு சொல்லுதோம்லா, அது மாதிரித்தான்" என்றார் ஊர்த்தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி, தன் பலசரக்குக் கடையில் சீரகம் நிறுத்துக்கொண்டே. ஒருத்தர் நினைத்தால் புரை, ஊரே பார்த்தால் சிரிப்பு, இதில் என்ன அதிசயம் என்று கேட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வடிவின் அம்மா கோமதி அத்தை மட்டும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் தெரு முழுக்கத் தும்மியது, வடிவு சிரித்தாள்.

அப்புறம் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பல் விளக்கும்போது சிரித்தாள், தலை துவட்டும்போது சிரித்தாள், தூக்கத்தில் சிரித்துத் தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். வாயில் சோற்றை வைத்தால் சிரிப்பு வரும், சோறு மூச்சுக்குழாயில் ஏறும், கண்கள் பிதுங்கும். அதனால் கஞ்சிதான், அதையும் ஸ்பூனில், திருடுகிறவள் மாதிரி அவசர அவசரமாக. எங்கள் காலேஜில் பரீட்சை எழுதும்போது சிரித்தாள் என்று வெளியே அனுப்பினார்கள். நான் என் விடைத்தாளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து, "மேடம், அவ சிரிக்கல, யாரோ பாக்காங்க" என்றேன். "யாரோ பாத்தா இவ ஏம்மா சிரிக்கணும்?" என்று அந்த மேடம் கேட்டார். அதைத்தானே மேடம் நானும் கேட்கிறேன்! என்னையும் வெளியே அனுப்பினார்கள்.

பாளையங்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல மனுஷர், பொறுமையாகத்தான் கேட்டார். "தினமும் எவ்வளவு நேரம்மா போன் பாப்பே?"

"நான் பாக்கல டாக்டர். அவங்கதான் பாக்காங்க."

அவர் எழுதினார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. போனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கிக்கொண்டு, எந்த வீடியோ என்று பார்க்க வேண்டுமே என்று போட்டார். எதிரே நின்ற வடிவு சிரித்தாள். "ஸ்டேஷன்ல வந்து நின்னுக்கிட்டு என்ன சிரிப்பு?" என்று மேஜையைத் தட்டினார். "சார், நீங்க நிறுத்துனா அவளும் நிறுத்திருவா" என்றேன். அவர் நம்பாமல் மறுபடியும் போட்டார், அவள் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து ரைட்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவள் சிரித்தாள். ஏட்டம்மா ஒருத்தர், "அய்யோ பாவம், நெசந்தான் போலுக்கே" என்று தன் போனிலும் ஒரு தடவை போட்டு உறுதிசெய்துகொண்டார்.

கெட்டவர்களை விடுங்கள், அவர்களோடு சண்டை போடுவது சுலபம். நல்லவர்களோடுதான் என்னால் முடியவில்லை. எங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துத் தோழர் அகிலன் வடிவுக்கு ஆதரவாக நீண்ட கண்டனம் ஒன்று எழுதினார், படித்தால் கண்ணீர் வரும், அதன் கீழே வீடியோவையும் இணைத்திருந்தார். அன்றைக்குத்தான் அவள் அதிகமாகச் சிரித்தாள். சாயங்காலம் கைக்குட்டையில் ரத்தம் வந்தது.

"வீடியோவப் போடாம கண்டிக்க முடியாதா தோழர்?"

"போடலன்னா எதக் கண்டிக்கோம்னு மக்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம இருந்தா என்ன?"

"தோழர், நீங்க உணர்ச்சிவசப்படுதீங்க" என்றார் அவர்.

ஆடிக்காற்றில் குளத்தங்கரை டவருக்குப் போகிற கம்பி அறுந்த நாளைச் சொல்ல வேண்டும். காலையில் பத்து மணிவாக்கில் வடிவு, சிரிப்பு பாதியில் அறுந்து நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். காது கொடுத்துக் கேட்டாள், தன் தொண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்த அத்தை ஓடிவந்து மகள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்ப ஓடி, உலை வைத்து, கத்தரிக்காய் வதக்கி, அப்பளம் பொரித்து, "ஏட்டி, வா, வா, டவர் வந்திரும், வெரசா சாப்பிடு" என்று சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினாள். வடிவு மென்று சாப்பிட்டாள். ஒரு மனுஷி மென்று சாப்பிடுவதை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. கம்பியைக் கட்டிவிட்டார்கள், சாப்பாடு முடிந்தது. அதிலிருந்து அத்தை காற்றுக்கு நேர்ந்துகொண்டாள், மழைக்கு நேர்ந்துகொண்டாள், இடி விழச் சொல்லிச் சுடலைமாடனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள்.

ஊர் இதற்கும் பழகியது. நெட் இருக்கிறதா என்று யாரும் போனை எடுத்துப் பார்ப்பதில்லை, தெருவில் நின்று காது கொடுத்தால் போதும். கடையில் யாராவது போனில் பணம் அனுப்பப் போனால் தங்கப்பழம் அண்ணாச்சி, "இப்பப் போகாது, பிள்ள சிரிக்கல, சில்லறை இருந்தாக் குடு" என்பார். மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் சீரியல் முடிந்த பிறகும் சிரிப்பு நெருக்கமாக இருக்கும், கோயில் கொடை நாளில் குறைந்திருக்கும். அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து, பாவம் என்று உச்சுக்கொட்டி, காபி குடித்து, போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில்தானே போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது? அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டு வாசலில் யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை.

மாமாவின் முதல் தெவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வடிவு ஊர்க்கூட்டத்துக்கு வந்தாள். அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமும் இருந்தார்கள். எலும்பும் தோலுமாக நடுவில் நின்று, வந்த சிரிப்பைச் சிரித்து முடித்துவிட்டு, உடைந்த குரலில் சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு நான் இன்னும் அழுது தீக்கல. அழுக வரும், தொண்டைக்கு வரும்போதே சிரிப்பு வந்துரும். ஒரு வருசமா அழுக உள்ளயே கெடக்கு. தெவசத்தன்னிக்கு ஒரு பொழுது மட்டும் யாரும் பாக்காம இருங்க. நான் அழுதுட்டுப் போயிருதேன்."

கூட்டம் உருகியது. தங்கப்பழம் அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாங்க பாக்காம இருந்துருவோம் தாயி. ஆனா உலகம் பூரா பாக்குதே, அத யாரு நிறுத்த?" என்றார்.

நான் எழுந்தேன். "வக்கீலம்மா எந்திரிச்சிட்டா" என்று யாரோ சொன்னார்கள், சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, ஆடியில டவர் கம்பி எங்க அறுந்துச்சு?"

"நம்ம குளத்தங்கரையில."

"சென்னையில அறுந்துச்சா? துபாய்ல அறுந்துச்சா?"

"இது என்னட்டி கேள்வி?"

"நம்ம கம்பி அறுந்தா அவ சிரிப்பு ஏன் அண்ணாச்சி நிக்கணும்? உலகம் பூரா பாத்தா உலகத்துல மிச்ச டவரெல்லாம் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? வெளியூர்க்காரன் எப்பவோ மறந்துட்டான். அவனுக்கு அடுத்த நாளே வேற ஒருத்தி கெடச்சிருப்பா. இன்னமும் பாக்கது நம்மதான். நம்ம மட்டுந்தான்."

அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நாங்க பாவம்னுதான் பாக்கோம்" என்றது. இன்னொருத்தி, "கூடுதா குறையுதான்னு பாக்கதுக்கு ஒரு தடவ போடுவேன், பிள்ள மேல உள்ள அக்கறதான்" என்றாள். மூன்றாமவள், இடுப்பில் குழந்தையோடு, எழுந்து நின்றே சொன்னாள்: "எம்புள்ள சோறே திங்க மாட்டான். அக்கா சிரிக்கிறதப் போட்டாத்தான் வாயத் திறக்கான். நான் என்ன செய்ய?"

வடிவு அந்தக் குழந்தையைப் பார்த்தாள். நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது.

கடைசியில் கற்பூரம் ஏற்றி எல்லோரும் அடித்துச் சத்தியம் செய்தார்கள். தெவசத்தன்று காலையில் ஊரில் உள்ள போனையெல்லாம் கோயிலுக்குக் கொண்டுவந்து, பெரிய நார்ப்பெட்டியில் போட்டு, மேலே அம்மன் சேலையை மூட வேண்டும். படையல் முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். சொன்னபடியே செய்தார்கள், ஒருத்தர் பாக்கியில்லை. நானே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு போன் மட்டும் வெளியே இருந்தது. சவுதி மாமா பார்க்க வேண்டுமே! சாவுக்கு வர முடியாதவர் தெவசத்தையாவது பார்க்க வேண்டாமா? அதைத் தடுக்க நான் யார் என்று அத்தையே என்னிடம் கேட்டாள். "அது மாமா பாக்கதுக்குட்டி. மாமா வேற, ஊரு வேற." நான் வாதாடினேன். பழைய வீடியோவும் இப்படி மாமா பார்ப்பதற்காகத்தான் எடுத்தது என்று சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா சண்ட போடாத" என்றார்கள்.

வடிவு அழுவதைப் பார்க்க ஊரே வந்திருந்தது. சத்தியம் செய்து கொடுத்தவர்கள், கொடுத்தது என்ன ஆயிற்று என்று பார்க்காமல் இருப்பார்களா? தலை குளித்து, சலவைச்சேலை உடுத்தி, நேரத்தோடு வந்து முன்வரிசை நாற்காலிகளில் இடம் பிடித்தார்கள். பலவேசம் மாமாவின் படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்த பருப்புவடையும் பீடிக்கட்டும் வைத்துப் படைத்திருந்தார்கள். வடிவு படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷத்தில் முதல்முறையாக, டவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, சிரிப்பு வரவில்லை. அவள் தாடை தளர்ந்தது, தோள் இறங்கியது. விலக்கில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அந்த அழுகைக்காகக் காத்திருந்தாள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. "வருதா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "பொறு, வரும்."

வந்தது. முதலில் கண்ணில் வந்தது, அப்புறம் உதட்டில், அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல். அது ஆரம்பம்தான், வாசலில் கால் வைத்த அழுகைதான், உள்ளே ஒரு வருஷம் கிடந்தது இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் ஊருக்கு அது போதுமாக இருந்தது. முன்வரிசை விம்மியது. போனில் மாமா விம்மினார். தங்கப்பழம் அண்ணாச்சி எழுந்து, "அழுதுட்டா, பிள்ள அழுதுட்டா, இனிக் கொற இல்ல" என்று கும்பிட்டார். எல்லோரும் எழுந்தார்கள். ஒரு வருஷமாகச் சொல்லாத சொல்லை ஒவ்வொருவராக அவள் தலையைத் தொட்டுச் சொன்னார்கள்: போயிட்டு வாரோம் தாயி, போயிட்டு வாரோம்மா, போயிட்டு வாரேன் மதினி. வடிவு யாரையும் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து மூச்சை இழுத்து, எப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர்கள் கோயிலுக்குப் போய்ச் சேலையை விலக்கிப் போன்களை எடுத்துவிட்டார்கள். சவுதி மாமாவுக்குப் போனது குரூப்புக்கும் போயிருந்தது. யாரோ அவளைக் கேட்காமலே அந்தக் கேவலை மட்டும் வெட்டி, சோகப்பாட்டு ஒன்றைச் சேர்த்து, தகப்பனுக்காகக் கலங்கும் தங்கமகள் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். இதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் ஒவ்வொருவரும் அதைப் போட்டுப் பார்த்தார்கள், பரிகாரமாகத்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். எப்பா என்று கூப்பிடத் திறந்த வாயில் வடிவுக்கு ஒரு கேவல் வந்தது. அதே கேவல், அதே நீளம், சரியாக அதே இடத்தில் நின்றது. மறுபடியும் வந்தது.

இப்போது அந்தச் சிரிப்பை யாரும் பார்ப்பதில்லை. அது செத்துப்போயிற்று, கேட்பாரில்லை. இப்போது அழுகைதான். பல் விளக்கும்போது அழுகிறாள், தலை துவட்டும்போது அழுகிறாள், தூக்கத்தில் அழுது எழுந்து உட்கார்ந்து அழுகிறாள், சோற்றை வைத்தால் அழுகை வந்து சோறு ஏறிக்கொள்கிறது. "பிள்ள அழுவுது, நெட் வந்துட்டு" என்கிறார் தங்கப்பழம் அண்ணாச்சி. நல்லபெயர் திரும்பிவிட்டது. கீழே எல்லோரும் வாழ்த்துகிறார்கள், இப்படியொரு மகள் எனக்கில்லையே என்று யார் யாரோ ஏங்குகிறார்கள், தோழர் அகிலன் கூடப் போட்டிருக்கிறார். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அண்ணாச்சியிடம் போய்க் கத்தினேன். "நல்லதுக்குத்தானட்டி செஞ்சோம், உனக்கு நல்லதும் கண்ணுக்கு ஆகாதா?" என்றார்.

போன வாரம் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கோமதி அத்தை அடுக்களையில் கண்ணெரிய உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். டவர் விழ நேர்ந்துகொண்ட அதே அத்தைதான். முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத தெளிச்சி இருந்தது, பக்கத்தில் புதுப் போன் இருந்தது. வடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கேவல் வந்து போனது. அடுத்தது வருவதற்கு முன்னால் கிடைத்த இடைவெளியில், ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்திருந்த மூச்சையெல்லாம் கூட்டி, வடிவு கேட்டாள்:

"எம்மா, எங்கப்பாவுக்கு நான் எப்பம்மா அழுவேன்?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை உள்ளிக் கையைச் சேலையில் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், போனை எடுத்து அந்த அழுகை வீடியோவை ஒரு தடவை தொட்டு, மகள் பார்க்கட்டும் என்று அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். வடிவு அழுதாள். அழுது முடிகிறவரை பொறுத்திருந்து, தலையைக் கோதிவிட்டுக்கொண்டே அத்தை சொன்னாள்:

"அதான் அழுதுட்டியே தாயி. நாங்க எல்லாரும் பாத்தோம்லா."